வெயில் தின்னும் குடை: ஸ்கைலாப், 1973 – ஒரு நிகழ்வு ஆய்வு

ஏன் இந்த நிகழ்வு

அமெரிக்காவின் முதல் விண்வெளி நிலையமான ஸ்கைலாப் என்றதும் நம் ஊரில் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு 1979 ஜூலைதான் நினைவுக்கு வரும். வானத்திலிருந்து ஒரு பெரிய இரும்பு வீடு விழப்போகிறது, யார் தலையில் விழும் என்று தெரியாது என்று அப்போது நாடு முழுக்க ஒரே பேச்சு. கடைசியில் அது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் சிதறி விழுந்தது. விழுந்த கதை எல்லோருக்கும் தெரியும். அதே நிலையம் 1973-ல் ஏவப்பட்ட முதல் நாளிலேயே வெயிலில் வெந்து வீணாகப் போயிருக்க வேண்டியது என்பதும், ஒரு துணிக் குடைதான் அதைக் காப்பாற்றியது என்பதும், அந்தக் குடையையே வெயிலின் புற ஊதாக் கதிர் அரித்துவிடும் என்று தெரிந்து அதன் மேல் இன்னொரு பந்தல் போட்டார்கள் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

விண்வெளியில் உயிர்களைச் சூரியனிடமிருந்து காப்பது பற்றிப் படிக்கும் மாணவர்களிடம் நான் முதலில் எடுத்து வைப்பது இந்த நிகழ்வைத்தான். இதில் வருகிறவர்களை அவர்கள் பார்த்த வேலையைக் கொண்டே குறிப்பிடுகிறேன். யார் செய்தார் என்பதைவிட, எதைப் பார்த்து எப்படி முடிவெடுத்தார்கள் என்பதுதான் இங்கே நமக்கு வேண்டியது.

பின்னணி: வடிகட்டாத வெயில்

தரையில் நம் மேல் படும் வெயில் வடிகட்டிய வெயில். வளிமண்டலத்தில் பரவியிருக்கும் ஓசோன் முழுவதையும் தரைமட்ட அழுத்தத்துக்குக் கொண்டுவந்து ஒன்றாக அடுக்கினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனம்தான் வரும். அந்த 3 மில்லிமீட்டர்தான் 280 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதாவைக் கீழே விடாமல் முழுக்க நிறுத்துகிறது; அதற்கு அடுத்த பட்டையிலும் பெரும்பகுதியைப் பிடித்துவிடுகிறது. மேலே போனால் அந்தக் காவல் கிடையாது. சதுர மீட்டருக்குச் சுமார் 1,360 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. அதில் 8 சதவீதம் போல, அதாவது நூறு வாட்டுக்குச் சற்று மேல், புற ஊதா.

அளவு சின்னதாகத் தெரியலாம். ஆனால் புற ஊதாவின் ஒவ்வொரு துகளும் கனமான அடி. டி.என்.ஏ. மிக நன்றாக உறிஞ்சுவது 260 நானோமீட்டர் பக்கத்தில். கிருமிகளைக் கொல்ல மருத்துவமனைகளில் எரியும் விளக்கின் ஒளியும் கிட்டத்தட்ட அதே இடம்தான். பிளாஸ்டிக், நைலான் போன்றவற்றின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கவும் அந்த ஆற்றல் போதும். இதை அறிய விண்வெளிக்குப் போக வேண்டியதில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடக் கட்டிய நைலான் கொடியைப் பாருங்கள். இரண்டு மூன்று கோடை போனால் நிறம் வெளுக்கும், மேல் இழைகள் சிலிர்த்து நிற்கும், விரலால் உருவினால் வெள்ளைத் தூள் ஒட்டும். ஒருநாள் ஈரப் போர்வையைப் போட்டதும் பட்டென்று அறுந்துவிடும். அதுவும் ஓசோன் வடிகட்டித் தந்த வெயிலில்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஸ்கைலாபின் உலோகச் சுவரைப் புற ஊதா துளைத்து உள்ளே போகாது. மெல்லிய அலுமினியத் தகடே அதை முழுக்க நிறுத்திவிடும். உள்ளே இருந்தவர்களை நேரடியாக மிரட்டியது சூடு. புற ஊதா மிரட்டியது அந்தச் சூட்டைத் தடுக்க விரித்த துணியை. உயிருக்கும் வெயிலுக்கும் நடுவில் நிற்கும் பொருளின் ஆயுள்தான் இந்த நிகழ்வின் மையம்.

நிலையத்தின் அமைப்பு

சாட்டர்ன் ராக்கெட்டின் மேலடுக்கு ஒன்றின் எரிபொருள் தொட்டியையே வீடாக மாற்றிக் கட்டியது ஸ்கைலாப். தொட்டியின் விட்டம் 6.7 மீட்டர். அதைச் சுற்றி 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியக் கவசம். ஏவும்போது கவசம் தொட்டியோடு ஒட்டிக் கிடக்கும். சுற்றுப்பாதைக்குப் போனதும் சுவரிலிருந்து ஐந்து அங்குலம் போல விலகி நிற்கும். நுண்ணிய விண்கற்களைத் தடுப்பது அதன் முதல் வேலை. இரண்டாவது வேலை நிழல் தருவது. அதன் மேல் அடித்திருந்த வண்ணப்பூச்சை நம்பியே உள்ளே எத்தனை டிகிரி இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

கவசத்துக்கு அடியில் தொட்டியின் மேல் தங்க நிறப் படலம் ஒன்று ஒட்டியிருந்தது. அது வெயிலை வாங்கிக்கொள்ளும்; வாங்கிய சூட்டை எளிதில் வெளியே விடாது. கவசம் மேலே இருக்கிறவரை இதனால் தொல்லையில்லை. கவசம் போனால் தொட்டி அடுப்பாகிவிடும்.

1973 மே 14: 63 நொடி

கென்னடி ஏவுதளத்திலிருந்து ராக்கெட் கிளம்பி 63 நொடியில், எதிர்க்காற்றின் மோதல் அழுத்தம் உச்சத்தை நெருங்கும் நேரத்தில், அந்தக் கவசம் பிய்ந்து போனது. போகும்போது, வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் இரண்டு சூரியச் சிறகுகளில் ஒன்றின் கட்டையும் தளர்த்திவிட்டுப் போனது. சில நிமிடம் கழித்து, அடுக்கு பிரியும்போது எரிந்த சிறு ராக்கெட்டின் வீச்சில் அந்தச் சிறகும் முழுசாகப் போய்விட்டது. எதிர்ப்பக்கத்துச் சிறகு தங்கியது. ஆனால் கிழிந்த கவசத்தின் ஒரு பட்டை அதன் மேல் வளைந்து இறுக்கிக்கொண்டதால் விரிய முடியவில்லை.

அன்று ஆள் யாரும் உள்ளே இல்லை. மூன்று பேர் கொண்ட முதல் குழு மறுநாள் கிளம்புவதாக இருந்தது. 435 கிலோமீட்டர் உயரத்தில் நிலையம் சுற்ற ஆரம்பித்த சில மணி நேரத்தில் உள்ளே வெப்பம் ஏறுவதைத் தரைக்கட்டுப்பாட்டு அறையில் பார்த்தார்கள். அது 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போனது. குழுவின் பயணத்தைத் தள்ளிவைத்தார்கள்.

பத்து நாள்

மே 14-லிருந்து 25 வரை நடந்ததை இரண்டு தனி வேலைகளாகப் பார்க்க வேண்டும். ஒன்று, வீடு அதற்குள் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது. மற்றொன்று, நிழலுக்கு வழி தேடுவது.

முதல் வேலை பகல் இரவு பார்க்காமல் நடந்தது. மிஞ்சியிருந்த மின்சாரம் நிலையத்தின் சூரியத் தொலைநோக்கிப் பகுதியில் இருந்த நான்கு சூரியப் பலகைகளிலிருந்து மட்டும்தான். அவை சூரியனுக்கு நேராக நின்றால் மின்சாரம் கிடைக்கும், ஆனால் தொட்டி வேகும். நிலையத்தைச் சாய்த்தால் தொட்டி தணியும், மின்சாரம் குறையும். ரொம்பச் சாய்த்தால் வேறொரு பகுதி குளிர்ந்து, குழாய்களில் தண்ணீர் உறைந்துபோகும் அபாயம். இந்த மூன்றுக்கும் நடுவில் ஒரு கோணத்தைப் பிடித்து, 45 டிகிரி அளவில் சாய்த்து, மாற்றி மாற்றி வைத்துச் சமாளித்தார்கள். ஒவ்வொரு முறை திருப்பும்போதும் மேலே இருந்த நைட்ரஜன் வாயு செலவானது. அதை நிரப்ப வழியில்லை.

அடுத்த கவலை காற்று. தொட்டியின் உள்சுவரில் பாலியூரித்தேன் நுரை ஒட்டியிருந்தது. அது அளவுக்கு மீறிச் சூடானால் கார்பன் மோனாக்சைடும் டொலுயீன் டை-ஐசோசயனேட்டும் கசியலாம். போபாலைக் கண்ட நமக்கு ஐசோசயனேட் என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. அங்கே 1984-ல் கசிந்ததும் இதே குடும்பத்து நஞ்சுதான். அதனால் ஆள் போகும் முன்னரே தரையிலிருந்தபடி உள்காற்றை வெளியேற்றி, நைட்ரஜனை நிரப்பி, மறுபடி வெளியேற்றிப் பல முறை அலசினார்கள். உள்ளே இருந்த உணவு தாங்குமா என்று அதே வகை உணவைக் கீழே சூடாக்கிப் பார்த்தார்கள். மருந்துகளையும் புகைப்படச் சுருள்களையும் குழு புதிதாகக் கொண்டுபோவது என்று முடிவானது.

இரண்டாவது வேலையில் மூன்று யோசனைகள் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தன. விண்கலத்தின் கதவைத் திறந்து ஒருவர் எழுந்து நின்று துணியைக் கட்டுவது ஒன்று. விண்வெளி நடை போய் இரண்டு நீண்ட கம்பங்களை நட்டு, அவற்றில் துணியை ஏற்றுவது இன்னொன்று. இதை நாசாவின் ஹன்ட்ஸ்வில் மையத்தில் இருந்த குழு எடுத்துக்கொண்டது. மூன்றாவது யோசனை நாசாவின் ஹூஸ்டன் மையத்தில் தொழிற்கூடப் பிரிவை நடத்திய ஒரு பொறியாளருடையது. தொட்டியின் வெயில் பக்கத்தில், சோதனைக் கருவிகளை வெளியே நீட்ட 20 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு சிறிய ஏர்லாக், அதாவது உள்காற்று வெளியேறாமல் பொருளை வெளியே விடும் வாய், ஏற்கெனவே இருந்தது. அதன் வழியாக உள்ளிருந்தே குடையை வெளியே தள்ளி விரிக்கலாம் என்றார் அவர். தூண்டில் கம்பு ஒன்றுக்குள் ஒன்று போய் நீளுமே, அந்த மாதிரிக் கம்புகளை வாங்கி, துணி கட்டி, சின்ன மாதிரி ஒன்றைச் செய்து எல்லோர் முன்பும் விரித்துக் காட்டினார்.

மூன்றையும் செய்து முடித்து, மூன்றையும் கலத்தில் ஏற்றினார்கள். இடமும் எடையும் குறைவான கலத்தில் ஒரே வேலைக்கு மூன்று பொருள் எதற்கு என்று யாராவது கேட்டிருக்கலாம். மேலே என்ன நிலைமை என்று யாரும் கண்ணால் பார்க்காத நேரம் அது. மூன்றும் ஏறியது சரி என்பது என் எண்ணம்.

முதலில் குடையைத்தான் போடுவது என்று தீர்மானித்தார்கள். காரணம் எளிது: யாரும் வெளியே போக வேண்டாம். ஆனால் குடைக்கான துணி 20 சென்டிமீட்டர் வாய் வழியாகப் போக வேண்டும், பிறகு 6.7 மீட்டருக்கு 7.3 மீட்டராக விரிய வேண்டும். அவ்வளவு மெலிதாக மடிந்து, கிழியாமலும் இருக்கக் கிடைத்தது அலுமினியம் பூசிய மைலார் என்ற பிளாஸ்டிக் படலத்தோடு ஒட்டிய நைலான் துணி. நைலானுக்குப் புற ஊதா ஆகாது என்பது அப்போதே தெரிந்த விஷயம். தெரிந்தும் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் குழு தங்கப்போவது 28 நாள். அந்த 28 நாளுக்கு நிழல் வேண்டும், அதுவும் பத்து நாளுக்குள் தயாராக வேண்டும். வருஷக்கணக்கில் தாங்கும் துணிக்காகக் காத்திருந்தால் காப்பாற்ற நிலையமே மிஞ்சியிருக்காது.

அதே நேரத்தில் ஹன்ட்ஸ்வில்லில் தையல் எந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கம்பப் பந்தலுக்கான துணியைத் தையற்காரப் பெண்கள் மேசைகள் மேல் பரப்பி மூட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் துணிக்குப் புற ஊதாவைத் தாங்கும் பூச்சு உண்டு. அது நீண்ட நாளுக்கானது. உடனடி நிழல் ஒன்று, நீடித்த நிழல் ஒன்று என்று இரண்டையும் பிரித்துப் பார்த்ததுதான் இந்தப் பத்து நாளில் எடுத்த மிக நல்ல முடிவு.

மே 25, 26: குடை விரிந்தது

மே 25 காலை முதல் குழு கிளம்பியது. நிலையத்தைச் சுற்றி வந்து பார்த்துச் சேதத்தைச் சொன்னார்கள். விமானி கதவு வழியே எழுந்து நின்று, கொக்கிக் கம்பால் மாட்டிக்கொண்டிருந்த சிறகை இழுத்துப் பார்த்தார். மருத்துவரான அறிவியலாளர் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டார். சிறகு அசையவில்லை. பிறகு கலத்தை நிலையத்தோடு இணைக்கப் போனால் பூட்டு விழவில்லை. பல முறை முயன்று, இணைப்புக் கருவியைப் பிரித்துச் சரிசெய்து, ஒருவழியாக மாட்டினார்கள். களைத்துப்போய் அன்று கலத்திலேயே தூங்கினார்கள்.

மறுநாள் விமானி முகமூடி போட்டுக்கொண்டு, நச்சு வாயுவைக் காட்டும் குழாய்களோடு முதலில் உள்ளே போனார். காற்றில் நஞ்சு இல்லை. சூடு மட்டும் இருந்தது, பாலைவனத்து வறண்ட சூடு.

தளபதியும் விமானியும் அந்தச் சூட்டுக்குள் இறங்கி ஏர்லாக்கில் குடைப் பெட்டியைப் பொருத்தினார்கள். பெட்டியே வேறொரு சோதனைக் கருவிக்காகச் செய்தது. அவசரத்துக்கு மாற்றி எடுத்துக்கொண்டது. அதன் பின்பக்கத்தில் கம்பை ஒவ்வொரு துண்டாகத் திருகி, தள்ளி, அடுத்த துண்டைத் திருகி, மறுபடி தள்ள வேண்டும். கொஞ்ச நேரம் வேலை, பிறகு குளிர்ந்த முன்பகுதிக்குப் போய் இளைப்பாறல், மறுபடி வேலை. அறிவியலாளர் கலத்தின் சன்னல் வழியே வெளியே பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நான்கு கைகளும் விரிந்தன. ஆனால் துணி சதுரமாக இறுகவில்லை. பல நாள் மடிந்து கிடந்த மடிப்பும் நிழல் பக்கத்துக் குளிரும் சேர்ந்து துணி விறைத்துச் சுருக்கமாக நின்றது. வெயில் பட்டால் இளகும் என்று தரையில் சொன்னார்கள். ஆரஞ்சு நிறத்தில் கசங்கிய ஒரு விரிப்பு, ஒரு பக்கம் கொஞ்சம் கோணலாக, சுவரை ஒட்டி இழுத்து வைக்கப்பட்டது.

வெளிச்சுவரின் வெப்பம் உடனே இறங்க ஆரம்பித்தது. உட்பகுதி மெதுவாகத்தான் தணிந்தது. ஜூன் முதல் வாரத்தில் மனிதர் இயல்பாக இருக்கக்கூடிய இருபதுகளின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டது. ஜூன் 7 அன்று தளபதியும் அறிவியலாளரும் வெளியே போய், மாட்டிய சிறகின் பட்டையை வெட்டி விடுவித்தார்கள், மின்சாரமும் வந்தது. 28 நாளை முடித்து ஜூன் 22 அன்று மூவரும் நலமாகக் கடலில் இறங்கினார்கள்.

நடுவில் இருந்த கேள்வி

இந்தக் கட்டத்தில் எல்லோரும் பெருமூச்சு விட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கலாம். குடை நின்றது, வெப்பம் இறங்கியது, எண்கள் எல்லாம் நன்றாக இருந்தன. தரைக்கு வரும் தரவில் புற ஊதா செய்யும் சேதம் தெரியாது. சூடு ஏறினால் வெப்பமானி சொல்லும். நைலான் இழை உள்ளுக்குள் வலுவிழப்பதை எந்த மானியும் சொல்லாது. கிழிகிற அன்றுதான் தெரியும். கிழிந்தால் நிழல் மட்டும் போகாது. துண்டு துண்டாக மிதக்கும் துணி கருவிகள் மேலும் சாளரங்கள் மேலும் போய்ப் படியும்.

நிலையம் அடுத்த ஆண்டு தொடக்கம்வரை ஓட வேண்டும். 93 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றும் வீடு அது. குடைத் துணி ஒவ்வொரு சுற்றிலும் வெயிலில் காய்ந்து, பூமியின் நிழலில் உறைந்து, மறுபடி காயும். ஒரு நாளைக்கு இது பதினைந்து முறை. நீண்ட நாள் புற ஊதாவில் துணி நைந்துவிடும் என்ற கவலையால், இரண்டாம் குழு போனதும் கம்பப் பந்தலைப் போட்டே ஆக வேண்டும் என்று முடிவானது. இன்னும் கிழியாத ஒரு பொருளுக்கு மாற்று போடுவதற்காக இரண்டு பேரை விண்வெளி நடைக்கு அனுப்புவது லேசான முடிவல்ல. எடுத்தார்கள். எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பழைய குடையைக் கழற்றுவதில்லை, அதன் மேலேயே பந்தலைப் போடுவது என்றும் தீர்மானித்தார்கள். குடையை எடுத்துவிட்டுப் பந்தல் ஏறாமல் போனால் தொட்டி மறுபடி வெறும் மேனியாக வெயிலில் நிற்கும்.

ஆகஸ்ட் 6: பந்தல்

இரண்டாம் குழு ஜூலை 28 அன்று போனது. போன உடனே மூவருக்கும் குமட்டலும் வாந்தியும். நடை தள்ளிப்போனது. இடையில் கலத்தின் சிறு ராக்கெட்டுகளில் கசிவு கண்டு, மீட்புக் கலம் அனுப்ப வேண்டுமோ என்ற அளவுக்குப் பேச்சு போனது. ஆகஸ்ட் 6 அன்றுதான் இரண்டு பேர் வெளியே வந்தார்கள்.

ஒருவர், ஆட்கள் வெளியே வரும் பெரிய ஏர்லாக் பக்கத்தில் நின்று, ஒன்றரை மீட்டர் நீளத் துண்டுகளை ஒன்றோடொன்று மாட்டி, ஏறக்குறைய 17 மீட்டர் நீளத்தில் இரண்டு கம்பங்களைச் செய்தார். மற்றவர் தொலைநோக்கிச் சட்டத்தில் காலைப் பதித்து நின்று, ஒரு அடித்தட்டைப் பொருத்தி, நீளும் கம்பங்களை வாங்கி அதில் சொருகினார். இரண்டும் தொட்டியின் மேல் 'வி' வடிவில் நீண்டன. கம்பங்களின் நுனிவரை போய்த் திரும்பும் கயிறுகள் கட்டியிருந்தன, கோயில் கொடிமரத்தில் கொடி ஏற்றுவது மாதிரி. துணியைக் கயிற்றில் மாட்டி இழுத்தால் நுனிவரை போகும். கயிறுகள் முறுக்கிக்கொண்டன. பருத்த கையுறையோடு, எடையில்லாத இடத்தில், முறுக்கிய கயிற்றைப் பிரிப்பது எவ்வளவு பொறுமையைக் கேட்கும் என்று எண்ணிப் பாருங்கள். பிரித்தார்கள். துணி ஏறியது. அன்றைய நடை மொத்தம் ஆறரை மணி நேரம்.

இருவர் முகத்துக்கு முன்னாலும் தங்கம் பூசிய முகமறைப்பு இருந்தது. அது இல்லாமல் ஆறரை மணி நேரம் அந்த வெயிலில் நின்றிருந்தால் கண்களின் மேற்படலம் வெந்திருக்கும். அவர்களுக்கும் ஒரு குடை இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பந்தல் ஏறியதும் உள்ளே வெப்பம் இன்னும் குறைந்தது. அதே நாட்களில், பள்ளி மாணவி ஒருவர் எழுதி அனுப்பிய யோசனையின்படி கொண்டுபோன தோட்டத்துச் சிலந்தி ஒன்று உள்ளே கூண்டில் வலை கட்டப் பழகிக்கொண்டிருந்தது. முதலில் மூலையில் கண்டபடி இழை விட்டது. பிறகு ஓரிரு நாளில் ஒழுங்கான வலையே பின்னிவிட்டது. சிறு மீன்கள் ஒரு பையில் நீந்தின. 50 டிகிரியில் இருந்திருந்தால் இவை எதுவும் நடந்திருக்காது.

விளைவு

இரண்டாம் குழு 59 நாள் தங்கியது. நவம்பர் 16 அன்று போன மூன்றாம் குழு 84 நாள். மூன்று குழுவும் சேர்த்து 171 நாள் மனிதர் வாழ்ந்த வீடானது அது. கடைசிக் குழுவின் காலத்தில் இன்னொரு பள்ளிச் சோதனைக்காக நெல் விதைகள் முளைத்து, எது மேல் எது கீழ் என்று தெரியாமல் கண்ட திசையில் தண்டை நீட்டின. அதுவரை நிழல் நின்றது.

இழப்பும் உண்டு. வெயில் பக்கத்து ஏர்லாக்கில் குடையின் கம்பு நிரந்தரமாக நின்றுவிட்டதால், அந்த வாயை நம்பியிருந்த சூரியச் சோதனைகள் இடம் இழந்தன. புற ஊதாவை ஆராயக் கொண்டுபோன கருவி ஒன்றைப் பிறகு விண்வெளி நடையில் வெளியே வைத்து இயக்க வேண்டியதாயிற்று.

கவசம் ஏன் போனது என்று ஆராய்ந்த குழு 1973 ஜூலையில் அறிக்கை தந்தது. கவசத்தின் மேல் ஓடிய ஒரு குழாய் மூடிக்குள் காற்று புகுந்து அழுத்தம் ஏறி, கவசத்தைத் தூக்கிக் காற்றோட்டத்துக்குள் தள்ளியது என்பது தொழில்நுட்பக் காரணம். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அறிக்கையின் மற்றொரு கண்டறிதல். கவசத்தைத் தொட்டியின் ஓர் உறுப்பாகவே பார்த்துவிட்டார்கள். அதற்கென்று தனியாகப் பொறுப்பேற்ற பொறியாளர் ஒருவரும் இல்லை. மின்சாரத்துக்கு ஆள் உண்டு, தண்ணீருக்கு ஆள் உண்டு, நிழலுக்கு ஆள் இல்லை.

இன்று செய்தால் என்ன மாறும்

அந்த நிலையத்திலேயே இதற்கான விதை இருந்தது. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பூச்சுகளின் சிறு மாதிரிகளை நிலையத்தின் வெளிப்புறம் பொருத்தி, நடை போனவர்கள் கழற்றிக் கீழே கொண்டுவந்தார்கள். வெயிலும், கலத்திலிருந்து கசிந்து படிந்த ஆவிகளும் சேர்ந்து அவை பழுப்பேறியிருந்தன. பழுத்த பூச்சு கூடுதல் சூட்டை வாங்கும். நான் ஒரு வாழிடத்தின் திட்டத்தைப் பார்க்க நேர்ந்தால் முதலில் கேட்பது இதைத்தான்: கூரை எந்தத் துணியோ அதே துணியின் துண்டு வெளியே தொங்குகிறதா, அதை எந்தத் தேதியில் எடுத்துப் பார்ப்பீர்கள், கூரையை எந்தத் தேதியில் மாற்றுவீர்கள்? நம் ஊர் பசுமைக்குடில் விவசாயி இதைச் செய்கிறார். புற ஊதா தாங்கும் 200 மைக்ரான் படலம் என்று கேட்டு வாங்குகிறார். அதற்கும் ஆயுள் சில ஆண்டுதான் என்று தெரிந்து, மாற்றும் செலவை முன்கூட்டியே கணக்கில் வைக்கிறார்.

செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம் என்று நிலவுக்கும் செவ்வாய்க்கும் படம் வரைகிறவர்களுக்கும் இதே கேள்விதான். செவ்வாயின் கார்பன் டை ஆக்சைடு காற்று 200 நானோமீட்டருக்குக் கீழே உள்ளதைத்தான் நிறுத்தும். டி.என்.ஏ.வை அடிக்கும் 260 அப்படியே தரைவரை வந்துவிடும். ஒளியை விடும் பொருள் ஒளியாலேயே மங்கும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2014-லிருந்து வளர்த்துவரும் கீரைகள் சூரியனைப் பார்ப்பதே இல்லை, எல்.இ.டி. விளக்கில் வளர்கின்றன. செலவு கூடுதல்தான். ஆனாலும் மண்ணால் மூடிய கூரையும் உள்ளே விளக்கும் என்ற வழியே எனக்கு நம்பகமாகப் படுகிறது.

எவ்வளவு நிழல் போதும் என்பதற்கு உயிர்களே விடை தந்திருக்கின்றன. 2007-ல் சுற்றுப்பாதையில் பத்து நாள் வெளியே வைத்த நீர்க்கரடிகள் என்ற நுண்ணிய விலங்குகளில், வெற்றிடம் மட்டும் பட்டவை பெரும்பாலும் பிழைத்தன. முழுப் புற ஊதாவும் பட்டவற்றில் பிழைத்தவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு வகை பாக்டீரியாவைச் சிறு வில்லைகளாகக் காயவைத்து, 2015-லிருந்து மூன்று ஆண்டுவரை வெளியே வைத்தார்கள். மெல்லிய வில்லைகள் செத்தன. அரை மில்லிமீட்டருக்கு மேல் கனமானவற்றில், மேலே செத்த செல்களின் அடுக்கு கீழே இருந்தவற்றுக்குக் குடையாக நின்று, உள்ளிருந்தவை பிழைத்தன.

1974 பிப்ரவரி 8 அன்று கடைசிக் குழு கதவை மூடி வெளியேறி, ஒரு முறை சுற்றி வந்து படம் எடுத்தது. அந்தப் படத்தில் ஒரு பக்கம் சிறகு இல்லை. தொட்டியின் மேல் இரண்டாம் குழு கட்டிய பந்தல் இன்னும் நிற்கிறது. அதன் அடியில், மே மாதத்துக் குடை.